சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு முதன்முறை போகிறீர்களா? அட்டை, கட்டணம், நேரம் பற்றிச் சில குறிப்புகள்

"அடையாள அட்டையைக் காட்டினால் போதும், காசு கேட்க மாட்டார்கள்" என்றார் அலுவலக நண்பர். அவர் சொன்னது உண்மைதான், அவர் வரைக்கும். அவர் நிரந்தரவாசி. நானோ வேலை அனுமதியில் வந்து ஏழு மாதம் ஆனவன். இந்த வேறுபாடு கவுண்டரில்தான் எனக்கு உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி, ஐந்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனேன். முதலில் தவறான கட்டடம். பிறகு வெயிலில் நடை. அதன் பிறகு சரியான கட்டடத்தில் அட்டையைப் பெருமையாக நீட்டிவிட்டு, 60 வெள்ளி கட்டி உள்ளே போனோம். (டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறோம், இனி அப்படியே எழுதுகிறேன்.) அந்த 60இல் 5 வெள்ளி என் மறதிக்கு நானே விதித்துக்கொண்ட அபராதம். ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை, மகளுக்குப் பசி. எதைப் பார்க்கப் போனோமோ அது இருந்த மாடிக்கு ஏறாமலேயே வீடு திரும்பினோம்.

அதன் பிறகு நான்கு முறை போய்விட்டேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வழி சொல்வேன். நீங்கள் முதல் முறையே ஒழுங்காகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தக் கட்டடம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

சிங்கப்பூரில் பெயர் குழப்பக்கூடிய மூன்று இடங்கள் இருக்கின்றன. "மியூசியம் போகலாம்" என்று மட்டும் பேசி வைத்துக்கொண்டு கிளம்பினால் என் கதிதான்.

ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருப்பது தேசிய அரும்பொருளகம். அது சிங்கப்பூரின் வரலாற்றைச் சொல்லும் இடம். ஆள் உயரத்தைவிடப் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பம் ஒன்று கண்ணில் பட்டால் நீங்கள் அங்கே வந்திருக்கிறீர்கள் என்று பொருள். குமாரி நாகப்பன் செய்தது. பெயர் 'பெடாஸ் பெடாஸ்', மலாயில் காரம், காரம். நான் அதன் முன்னால் நின்று குடும்பப் படமெல்லாம் எடுத்த பிறகுதான் இடம் தவறு என்று தெரிந்தது. அங்கிருந்து கலைக்கூடத்துக்கு நடக்கும் தூரம்தான், ஆனால் நண்பகல் வெயிலில் அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நடக்கும் தூரம் இல்லை.

இரண்டாவது, சிங்கப்பூர் கலை அரும்பொருளகம். இன்றைய கலைஞர்கள் காணொளி, ஒலி, பொருள்களை ஓர் இடத்தில் நிறுவிக் காட்டும் நிர்மாணக் கலை என்று செய்பவற்றைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும். பழைய கட்டடத்தின் முகவரியைப் பிடித்துக்கொண்டு போய்விடாதீர்கள். 2022 முதல் அது தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடத்தில், கெப்பல் சாலையில் இயங்குகிறது.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்குரிய இடம்: நேஷனல் கேலரி என்கிற சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம். முகவரி 1, செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை. எதிரே பாடாங் என்னும் பெரிய புல்வெளித் திடல். பழைய நகர மண்டபத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015 நவம்பரில் திறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முதல் இன்று வரையிலான சிங்கப்பூர், தென்கிழக்காசிய ஓவியங்களும் சிற்பங்களும் இங்கே இருக்கின்றன. இணையத்தில் டிக்கெட் வாங்குவதற்கு முன் இந்த முகவரிக்குத்தானா வாங்குகிறோம் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

2. ஆவணங்களை முந்தைய இரவே எடுத்து வையுங்கள்

கட்டணத்தைத் தீர்மானிப்பது உங்கள் வயதும் நீங்கள் இந்த நாட்டில் யார் என்பதும்தான். ஆகவே இந்தப் படியில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். குடிமக்களின் அடையாள அட்டை இளஞ்சிவப்பு நிறம், நிரந்தரவாசிகளுடையது நீலம். அட்டையை மறந்துவிட்டால் அரசின் சிங்பாஸ் செயலியில் இருக்கும் மின்னிலக்க அடையாள அட்டையைக் காட்டலாம்.

நம்மைப் போல எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட், டிபெண்டன்ட் பாஸ் என்று எதில் வந்திருந்தாலும் இலவசம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். நம் அட்டையிலும் படம் இருக்கிறது, எண் இருக்கிறது, வங்கியிலும் தொலைபேசிக் கடையிலும் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். அதனால் எல்லா இடத்திலும் அது அடையாள அட்டைக்குச் சமம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் நம்முடையது எஃப், ஜி, எம் என்ற எழுத்துகளில் தொடங்கும் வெளிநாட்டவர் எண். குடிமக்களின் எண்ணும் நிரந்தரவாசிகளின் எண்ணும் எஸ் அல்லது டி என்று தொடங்கும். முதல் எழுத்தைப் பார்த்தாலே கவுண்டரில் என்ன நடக்கும் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். வரி கட்டுகிறோமே என்று வாதாடிப் பயனில்லை. நான் வாதாடவில்லை, வாதாடலாமா என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் பெரியவர்கள் வந்திருந்தால் அவர்களுடைய கடவுச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, ஆனால் வயதுக்குச் சான்று வேண்டும். அம்மாவின் கடவுச்சீட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். நரைத்த தலை சான்றாகாது. முழுக் கட்டணம் கட்டினேன்.

மாணவராக இருந்தால் படம் ஒட்டிய மாணவர் அட்டை, ஆசிரியராக இருந்தால் பள்ளி அடையாள அட்டை. பணம் கட்டுவதற்கு முன் அட்டையைக் காட்டி "இதற்குச் சலுகை உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு கேட்பது வீண் பேச்சு. சிறு குழந்தைகளின் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். ஆறு வயது வரை இலவசம் என்பதால், உயரமான குழந்தையாக இருந்தால் வயதைக் கேட்கலாம்.

3. டிக்கெட்: எது வேண்டும், எவ்வளவு ஆகும்

இரண்டு வகை உண்டு. பொது அனுமதி டிக்கெட்டில் நிரந்தரக் காட்சிகள் எல்லாம் அடங்கும். அவ்வப்போது வரும் சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் கூடுதல். அதற்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்கூடப் பணம் கட்டித்தான் போக வேண்டும்.

நான் போனபோது வெளிநாட்டவருக்குப் பொது அனுமதி 20 வெள்ளி, சலுகைக் கட்டணம் 15 வெள்ளி. எங்கள் கணக்கு: எனக்கு 20, மனைவிக்கு 20, அம்மாவுக்கு 15 ஆகியிருக்க வேண்டும், மகளுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 55. கடவுச்சீட்டு இல்லாததால் 60. இங்கே கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கிளம்புகிற அன்று கலைக்கூடத்தின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை போகிறவர் சிறப்புக் கண்காட்சியையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பொது அனுமதியில் இருப்பதையே ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது. உங்களுக்குப் பிடித்த ஓவியர் ஒருவரின் கண்காட்சி நடக்கிறது என்றால் மட்டும் அதற்காகத் தனியாக ஒரு நாள் போங்கள்.

சுற்றுலா டிக்கெட் விற்கும் இணையதளங்களில் விலை குறைவாகத் தெரிந்தால், அது எந்த வகை டிக்கெட், எந்தத் தேதிக்குச் செல்லும், தேதியை மாற்ற முடியுமா என்று மூன்றையும் படித்துவிட்டு வாங்குங்கள். சாதாரண நாட்களில் கவுண்டரிலேயே எளிதாகக் கிடைத்துவிடும். முன்பதிவு செய்தே ஆக வேண்டிய அவசரம், பெயர் பெற்ற சிறப்புக் கண்காட்சியின் வார இறுதிகளில்தான்.

டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுவில் சாப்பிட வெளியே போய்விட்டுத் திரும்பவும், இரண்டு கட்டடங்களுக்கும் இடையே வரும்போதும் போகும்போதும் காட்டவும் அது தேவைப்படும்.

4. நாள் பார்க்க வேண்டும்

பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. கலைக்கூடம் நாள்தோறும் காலை 10 முதல் மாலை 7 வரை திறந்திருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்ற நம் ஊர் வழக்கம் இங்கே இல்லை.

ஆகச் சிறந்தது வார நாளில் காலை 10 மணி. விடுப்பு எடுக்க முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தவுடன் போய்விடுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் கூட்டம் சேரும், மழை பெய்தால் ஊரே உள்ளே வந்துவிடும். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை 5 மணிக்கு 20 வெள்ளி கொடுத்து உள்ளே போவது நட்டம்.

யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கலைக்கூடத்தின் வாசலில் ஓடும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை, ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயத் தடத்தின் ஒரு பகுதி. செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் அந்தப் பந்தய வாரத்தில் சாலைகள் மூடப்படும், தடுப்புகள் எழும்பும், கார்ச் சத்தம் காதைக் கிழிக்கும். அந்த வாரம் இந்தப் பக்கமே வராதீர்கள். அதேபோல ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பு பாடாங்கில் நடக்கும் ஆண்டுகளில், அதற்கு முந்தைய வாரங்களின் சனிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும். சனிக்கிழமை மாலை டாக்சி பிடிக்கலாம் என்று வெளியே வந்தவர்கள், பாதைகள் மறிக்கப்பட்டுச் சுற்றிச் சுற்றி நடந்த கதையை நேரில் பார்த்தேன். நானும் அதில் ஒருவன்.

ஜனவரியில் வந்தால் நல்லது. 'லைட் டு நைட்' விழாவின்போது கட்டடத்தின் முகப்பிலேயே ஒளிப்படங்களைப் பாய்ச்சுகிறார்கள். திடலில் நின்று பார்க்கக் காசு தேவையில்லை.

5. போய்ச் சேருவது

எம்.ஆர்.டி. ரயிலில் நகர மண்டபம் நிலையத்தில் இறங்குங்கள். பலகைகளில் தமிழும் இருக்கிறது, ஆகவே தனியாக வரும் பெரியவர்களுக்கும் நிலையத்தின் பெயரைத் தமிழிலேயே சொல்லி அனுப்பலாம். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு ஆகிய இரண்டு தடங்களும் இங்கே சந்திக்கின்றன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போகும் வாயில் வழியாக மேலே வந்து, வெள்ளைத் தேவாலயத்தைக் கடந்தால், பெரிய தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடமும் அதை அடுத்து பச்சைக் கும்மட்டம் வைத்த கட்டடமும் தெரியும். இரண்டும் சேர்ந்ததுதான் கலைக்கூடம். நிதானமாக நடந்தால் ஐந்தாறு நிமிடம்.

கட்டணத்தைப் பயண அட்டையிலோ தொடுவகை வங்கி அட்டையிலோ கட்டலாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்திய வங்கி அட்டையைத் தட்டினால் பயணக் கட்டணத்தோடு சிறு நிர்வாகக் கட்டணமும் சேரும். நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்கு ஒரு பயண அட்டை வாங்கிக் கொடுப்பதே சிக்கனம்.

6. பையும் சால்வையும்

பெரிய பை, முதுகுப் பை, நீளக் குடை ஆகியவற்றைக் காட்சிக் கூடங்களுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். பொருள் வைப்பதற்குப் பெட்டகங்கள் இருக்கின்றன. தோளில் தொங்கும் சிறு பையோடு வந்தால் இந்த வேலையே இல்லை. கூடத்துக்குள் சாப்பாடும் பானமும் கூடாது. தண்ணீர்ப் புட்டியைப் பைக்குள் மூடியே வைத்திருங்கள்.

சால்வையைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். ஓவியங்களைக் காப்பதற்காகக் குளிர்சாதனத்தைத் தாராளமாக ஓடவிடுகிறார்கள். வெளியே 32 டிகிரி வெயிலில் வியர்த்துவிட்டு உள்ளே நுழைந்தால், முதல் பத்து நிமிடம் சொர்க்கம், அடுத்த ஒரு மணி நேரம் நடுக்கம். அம்மா தன் பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஓவியத்துக்குக் குளிரக் கூடாது என்றா இப்படி?" என்று கேட்டார். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு மேலாடை.

7. உள்ளே: எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள்

முதலில் மாடிக் கணக்கு. இங்கே முதல் மாடி என்றால் நம் ஊர்த் தரைத்தளம். வரைபடத்தில் இரண்டாம் மாடி என்று போட்டிருந்தால் ஒரு தளம் ஏறினால் போதும். நான் ஒரு மாடி அதிகமாக ஏறி, தேடிய ஓவியம் இல்லை என்று திரும்பி வந்தேன்.

கவுண்டரில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஓவியர்களின் காட்சி நகர மண்டபப் பகுதியில், மற்ற தென்கிழக்காசிய நாடுகளின் காட்சி உச்ச நீதிமன்றப் பகுதியில். மேல் தளங்களில் இரண்டையும் பாலங்கள் இணைக்கின்றன. முதல் நாள் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் காட்சியிலிருந்து தொடங்குவது நம்மைப் போன்ற புதியவர்களுக்குப் பொருத்தம். காட்சியை அவ்வப்போது மாற்றி அமைக்கிறார்கள், சில படைப்புகள் கடனாக வெளியூர் போயிருக்கும். உங்களுக்கு வேண்டிய ஓவியத்தின் பெயரை எழுதிக் காட்டி, இன்று தொங்குகிறதா, எந்த அறையில் என்று பணியாளரிடம் கேளுங்கள். அலுத்துக்கொள்ளாமல் சொல்வார்கள்.

நான் கேட்கச் சொல்லும் முதல் ஓவியம் சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. பல இனத்தவர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். பின்னால் கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: "சியாப்பா நாமா காமு? டி மானா அவாக் திங்கால்?" உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்று பொருள். சற்று முன்தான் கவுண்டரில் ஏறக்குறைய இதே கேள்விகளுக்கு என் அட்டையால் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த வகுப்பில் படிக்க வந்தவர்கள் யாரும் அந்தக் கேள்விகளுக்கு இன்னும் சரளமாகப் பதில் சொல்லத் தெரியாதவர்கள். அதன் முன்னால் இருந்த இருக்கையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். 20 வெள்ளி கணக்கு அங்கே நேரானது.

இரண்டாவது, சியோங் சூ பியெங் 1978இல் வரைந்த 'கருவாடு காயவைத்தல்'. நீண்ட கைகால்களும் பாதி மூடிய கண்களுமாகப் பெண்கள் மீனைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒரு முன் ஏற்பாடு: பணப்பையில் ஒரு 50 வெள்ளி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் பின்பக்கத்தில் இந்த ஓவியம் அச்சாகியிருக்கிறது. கூடவே சில இசைக்கருவிகள், அவற்றில் ஒன்று வீணை. நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்த அம்மாவுக்குக் கருவாட்டைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோட்டைக் கையில் வாங்கி, ஓவியத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பணப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரவில்லை. அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜெட் சென் என்ற பெண் ஓவியர் தன்னையே வரைந்த படத்தைத் தேடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும், கவனிக்காமல் கடந்துவிடலாம். நேராக உங்களையே பார்க்கும் முகம். அதற்கு நேர்மாறாக, உச்ச நீதிமன்றப் பகுதியில் ஜாவாவின் ராடன் சாலே 1849இல் வரைந்த 'காட்டுத் தீ' இருக்கிறது. 3 மீட்டர் உயரம், ஏறக்குறைய 4 மீட்டர் அகலம். தீக்கு அஞ்சி ஓடிவரும் விலங்குகள் மலை விளிம்பில் வந்து நிற்கின்றன, பின்னால் நெருப்பு, முன்னால் பள்ளம். என் மகள் இதைப் பார்த்து, "அவை எங்கே போகும் அப்பா?" என்று கேட்டாள். உங்கள் வீட்டுக் குழந்தையும் கேட்கும், பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, "இதெல்லாம் ஒரு ஓவியமா?" என்று கேட்க வைக்கும் அறைகள் வரும். 1979இல் டாங் டா வூ என்பவர் ஆங் மோ கியோ என்ற பகுதியில் மழை அரித்த மண் பள்ளங்களில் துணிகளைத் தொங்கவிட்டு, மழையும் சேறும் அவற்றின் மீது தாமே கோடு போடும்படி விட்டார். கறை படிந்த துணிதான் படைப்பு. முதலில் நானும் உதட்டைப் பிதுக்கினேன். இப்படிப்பட்டவற்றின் முன்னால் ஒரு வழி சொல்கிறேன்: பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படித்து, இதை எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் நகர்ந்துவிடலாம். எதற்கும் பிடித்தது போல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தன்னார்வலர்கள் நடத்தும் சுற்று விளக்கங்கள் டிக்கெட் உள்ளவர்களுக்கு இலவசம். ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றின் நேரத்தை இணையதளத்தில் பார்த்து, அதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். குழுவில் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கிறது. என் இரண்டாவது வருகையில் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போய் ஏழே ஏழு ஓவியங்களைக் காட்டினார். முதல் வருகையில் நான் அறுபது எழுபது ஓவியங்களைப் பார்த்திருப்பேன். நினைவில் இருப்பவை அந்த ஏழுதான்.

8. குழந்தைகளும் பெரியவர்களும்

கலைக்கூடத்துக்குள்ளேயே இருக்கும் கெப்பல் கலைக்கல்வி மையம் குழந்தைகளுக்கென்றே அமைத்தது. தொட்டு, வரைந்து, ஒட்டி விளையாடலாம். பராமரிப்புக்காக மூடும் நாட்கள் உண்டு, ஆகவே குழந்தையிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் இணையதளத்தைப் பாருங்கள். குழந்தைகளை அங்கே முதலில் கூட்டிப்போனால் ஓவியம் பார்க்க வரமாட்டார்கள். கடைசியில் வையுங்கள்.

உச்ச நீதிமன்றப் பகுதியின் முதல் மாடியில், விசாரணைக்கு வந்த கைதிகளை அடைத்து வைத்த சிறு அறைகள் இரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்கள் மகளுக்கு முழுக் கலைக்கூடத்திலும் பிடித்த இடம் அதுதான். வேறு வழியில்லை, கூட்டிப்போங்கள்.

மின்தூக்கி எல்லாத் தளங்களுக்கும் இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் உள்ளே நுழைந்ததும் கவுண்டரில் கேளுங்கள். தளங்கள் நீளமானவை, அம்மா போன்றவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு, பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

9. படம் எடுக்கலாமா?

பெரும்பாலான கூடங்களில் கைபேசியில் எடுக்கலாம். ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபி குச்சி மூன்றும் கூடாது. சில படைப்புகளின் பக்கத்தில் தடைக் குறி இருக்கும், அங்கே எடுக்காதீர்கள். தரையில் கோடு போட்டிருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். விரலை நீட்டிக் காட்டும் பழக்கம் உள்ளவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது உத்தமம். நான் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

10. பசி

உள்ளே இருக்கும் உணவகங்கள் அழகானவை, விலையும் அதற்கேற்றது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது டிக்கெட் செலவைத் தாண்டிவிடும். காலையில் வயிறார இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரு மணி வரை தாங்கும். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, கூரைத் தோட்டத்துக்கு ஏறி, பாடாங்கையும் அதற்கு அப்பால் மரீனா பே கோபுரங்களையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் நண்பகலில் நிழலும் இல்லை.

அவசரப் பசிக்குப் பக்கத்திலேயே ஃபுனான் கடைத்தொகுதி இருக்கிறது. நம் சாப்பாடுதான் வேண்டுமென்றால் நகர மண்டபம் நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான டோபி காட்டில் இறங்கி, வடக்கு-கிழக்குத் தடத்துக்கு மாறி, மறுபடி ஒரே நிலையம்: லிட்டில் இந்தியா. டோபி காட்டில் தடம் மாறும் நடை கொஞ்சம் நீளம். ஞாயிறு மதியம் அங்குள்ள சிராங்கூன் சாலை உணவகங்களில் இடம் பிடிக்கக் கால் மணி நேரம் நிற்க நேரலாம், எனவே கலைக்கூடத்திலிருந்து ஒரு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.